ஓரத்து ரப்பர்

...இதைச் சொல்லத்தானே வந்தேன், டயர் ஒரு சாக்கு, ஆனால் மலைச்சாமி அந்தச் சாக்கையே பெரிய காரியமாக எடுத்துக்கொண்டு மூன்று டயர்களைக் கொட்டகைக் காலில் சாய்த்து வைத்திருக்கிறான், போன வாரம் நான் சொல்லி அனுப்பியதிலிருந்து லாரி ஆபீஸ், தெரிந்த டிரைவர்கள் என்று அலைந்து பிடித்தானாம், சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல ஒவ்வொன்றையும் கட்டை விரலால் அழுத்துகிறான், வாயை விரித்து உள்ளே பார்க்கிறான், மோந்துகூடப் பார்க்கிறான்... மோந்து எதற்குப் பார்க்கிறாய், ரப்பரில் என்ன வாசனை இருக்கப்போகிறது? தெற்கு மாசி வீதியிலிருந்து இந்த வில்லாபுரம் வரை தம்பியின் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்திருக்கிறேன், ரயில்வே கேட்டில் நின்றபோது ஒருவர் பெட்ரோல் தீர்ந்துபோச்சா என்று கேட்டார், ஆமாம் என்றேன், காலையில்தான் டின்னில் வாங்கிவந்து ரொப்பியிருந்தேன், பொய் எனக்கு அவ்வளவு லேசாக வருகிறது. ஏறி ஓட்டியிருக்கலாம். ஓட்டத் தெரியாதவனா, சௌரிக்கே நான்தான் சொல்லிக்கொடுத்தேன், தமுக்கத்துப் பக்கம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் சிரித்துக்கொண்டே வேலிக்குள் போய் விழுந்தான், கையில் நாலு முள், அவ்வளவுதான், அன்றைக்கு முள்ளோடு போயிற்று. என் தம்பி சௌரிராஜன். போய்ப் பதினைந்து மாதம் ஆகிறது. அன்றிலிருந்து இந்த வண்டி எங்கள் சாயப்பொடிக் கடையின் பின்கட்டில் சாக்குப் போர்த்திக்கொண்டு நின்றது, நீலப்பொடி மூட்டை எடுக்கப் போகும்போதெல்லாம் சாக்குக்கு அடியில் யாரோ குந்தியிருப்பதுபோலவே இருக்கும், நான் மூட்டையை எடுத்துக்கொண்டு முதுகைக் காட்டாமல் பின்னாலேயே நடந்து வெளியே வருவேன், முப்பத்தாறு வயது ஆண்பிள்ளை, கடையில் நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவன்.

எம்புட்டு தூரம் ஓட்டுவீகண்ணே, என்று கேட்கிறான். திருமங்கலம், வாரத்துக்கு நாலு நாள், என்றைக்காவது அருப்புக்கோட்டை, என்றேன். தறிக்காரர்களிடம் ஆர்டர் எடுக்கச் சௌரிதான் போய்க்கொண்டிருந்தான், அவன் போனபிறகு திருமங்கலம் வேறு கடைக்காரன் கைக்குப் போயிற்று, தைப்பொங்கல் முடிந்ததும் அப்பா வாயைத் திறந்து, வண்டியை எடு, டயரை மட்டும் நல்லதாகப் பார்த்துப் போடு என்று, தமிழில் இல்லை, எங்கள் வீட்டுப் பாஷையில் சொன்னார், சொல்லிவிட்டு, அந்தக் கொலைகாரப் பயலிடம் மட்டும் போகாதே என்றார். கொலைகாரப் பயல் இப்போது என் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தினப்படி ஓட்ற வண்டிக்கு மூணு விசயம் பாக்கணும்ணே, என்கிறான். முதல் டயர் நெடுகக் கோடு போட்டது, அது முன் சக்கரத்துக்கு, ஹாண்டில் சொன்ன பேச்சைக் கேட்கும். இரண்டாவது பட்டன் போட்டது, கட்டை கட்டையாக, அது பின் சக்கரத்துக்கு, சேற்றிலும் சரளையிலும் தள்ளிக்கொண்டு போகும். சில பேரு ரெண்டுக்கும் பட்டனே போடுவாக, ஆத்து மணல்ல போறவுகளுக்குச் சரி, நீங்க போறது கல்லு ரோடு, முன்னாடி பட்டன் போட்டா கை ரெண்டும் நடுக்கம் கண்டுரும். மூன்றாவது டயர்தான் பார்க்க மினுமினுவென்று இருக்கிறது, கறுப்பென்றால் அப்படி ஒரு கறுப்பு, நான் அதை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை போலிருக்கிறது, அத ஆசப்படாதீக, என்று நகத்தால் அதன் விளிம்பைக் கீறிக் காட்டினான், மயிரிழை மாதிரி வெடிப்புகள், ரெண்டு வருசம் எங்கயோ வெயில்ல தொங்கிருக்கு, விக்கிறதுக்காகத் தொடச்சு என்னத்தையோ பூசி மினுக்கிருக்கான், மினுக்குற டயர நம்பவே கூடாதுண்ணே. நான் குடிக்கத் தண்ணீர் கேட்டேன்.

பூசி மினுக்கியது. தெரிந்துதான் சொல்கிறானா? தெரிந்திருந்தால் இப்படி என் முகத்தைப் பார்த்துச் சொல்வானா? சும்மா இரு, அவன் டயரைத்தான் சொல்கிறான்... ஆயுத பூஜைக்கு முதல் நாள் எங்கள் கடையில் தராசு, எடைக்கற்கள், பொடி இடிக்கிற உலக்கைப் பூண், பெட்டிச் சாவி, இரும்பு என்று இருக்கிற எல்லாவற்றையும் புளி போட்டுத் துலக்கி, துடைத்து, விளக்கெண்ணெய் தடவி, அதன்மேல்தான் சந்தனமும் குங்குமமும் வைப்போம், எண்ணெய் தடவுவது தாத்தா காலத்திலிருந்து வீட்டுக்கு மூத்த பிள்ளையின் வேலை, என் வேலை. அந்த வருஷம் புதிதாக வண்டியும் பூஜையில் நின்றது. விளக்கைத் துடைத்தேன், டாங்கியைத் துடைத்தேன், கம்பி கம்பியாகத் துடைத்தேன், எல்லாம் ஜொலிக்க டயர் இரண்டு மட்டும் புழுதி ஏறி வெளுத்துச் சாம்பலாக நின்றது, மனசு கேட்கவில்லை, கிண்ணத்தில் எண்ணெய் மிச்சம் இருந்தது, பழைய வேட்டித் துணியில் தோய்த்து ஒரு கை பூசினேன், அப்பப்பா என்ன கறுப்பு, இரண்டாம் கையும் பூசினேன், பக்கவாட்டில் மட்டுமா, சுற்றிச் சுற்றி, ரோட்டில் படுகிற இடமெல்லாம், சக்கரத்தை உருட்டி உருட்டிப் பூசினேன். இரும்புக்கு நல்லது ரப்பருக்கு ஆகாது என்று எனக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லாத விஷயம், மூளை இருக்கிறவனுக்கு. மறுநாள் பூஜை, சௌரியின் பெண்டாட்டி ராதாமணி வந்து வண்டி விளக்குக்கு மேல் பெரிய பொட்டு வைத்தாள், சௌரிக்குக் கல்யாணமாகிப் பத்து மாதம், வெட்கப்பட்டுக்கொண்டே வைத்தாள். அதற்கு மறுநாள் விஜயதசமி, நல்ல நாள், வண்டியை எடுக்க வேண்டும், இரண்டு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டு கிளம்பினான். தூற்றல் போட்டுக்கொண்டிருந்தது. தம்பி டேய், டயரைப் பார்த்தாயா, புத்தம் புதுசு மாதிரி ஆக்கிவிட்டேன் என்றுகூடச் சொன்னேன். அவன் திரும்பி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். நான் செத்தாலும் இந்தச் சிமிட்டல் என்னை விடாது.

கப்பலூருக்கு இந்தப் பக்கம் கண்மாய்க் கரையோடு ரோடு வளைகிற இடத்தில் வண்டி வழுக்கி, மைல் கல்லில் தலை. பார்த்தவர்கள் வேகம்கூட இல்லை என்றார்கள். வேகம் இல்லை, குடி இல்லை, எதிரே வண்டி இல்லை, அப்படியானால் டயர்தான் என்றார் அப்பா, மொட்டை டயரைப் புதுசென்று தலையில் கட்டிவிட்டான் என்று, மேல வெளி வீதியில் மலைச்சாமி வேலை பார்த்த டயர் கடைக்குப் போய்த் தெருவே கூடும்படி கத்தினார், பிள்ளையைப் பறிகொடுத்த மனுஷன், யார் எதிர்த்துப் பேச முடியும்? டயர் மாட்டியவன் மலைச்சாமி. அவனை வெளியே அனுப்பினால்தான் போவேன் என்று படியில் உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் நின்றேன். குடை பிடித்துக்கொண்டு நின்றேன், அப்பா மேல் வெயில் படக்கூடாதே, என்ன அக்கறை. மலைச்சாமி ஒரு வார்த்தை பேசவில்லை, கையைத் துடைத்துக்கொண்டு சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனான். பிறகு சொந்த ஊரான கீழக்குயில்குடிக்குப் போய் ஆறு மாதம் கல் உடைத்தான் என்று கேள்வி, இப்போது இந்தக் கொட்டகை, சைக்கிள் பஞ்சர்தான் வருகிறது, மோட்டார் வண்டிக்காரன் எவனும் இவன் கையில் வண்டியைக் கொடுப்பதில்லை, ஆளை விழுங்கினவன் என்று பெயர். முந்தாநாள் அந்தப் பழைய கடைக்கு நான் டயர் விலை கேட்கிற மாதிரிப் போனேன், முதலாளியே பேச்சை எடுத்தார், அந்த மாதிரிக் கைக்காரன் இன்னும் எனக்கு அமையவில்லை, உங்கப்பா ஒரு வார்த்தை சொன்னால் திங்கட்கிழமையே கூப்பிட்டுக்கொள்வேன் என்றார். ஒரு வார்த்தை. அப்பா அதைச் சொல்ல வேண்டுமென்றால் நான் அப்பாவிடம் வேறொரு வார்த்தை சொல்ல வேண்டும். முதலில் இவனிடம் சொல்லிப் பார்க்கலாம், இவனிடம் சொல்லிவிட்டால் அப்பாவிடம் வாய் வந்துவிடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன். வழி நெடுக ஒத்திகை, தமிழில்தான், எங்கள் பாஷையில் வாயெடுத்தால் அப்பா முகம் எதிரில் வந்துவிடுகிறது, பழக்கமே தமிழில் ஆகிவிட்டது.

பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டான். பழைய டயரை நெம்பி எடுத்து என் பக்கம் உருட்டிவிடுகிறான், அது என் காலில் வந்து இடித்து விழுந்தது, சௌரியின் டயர், நான் காலை இழுத்துக்கொண்டேன். டயர்னா எல்லாரும் நடுவைத்தான் பாக்குறாகண்ணே, என்கிறான், நேராப் போறப்ப நடுதான் ரோட்டுல ஓடுது, தேயிறதும் நடுதான், ஆனா உசுரக் காப்பாத்துறது ஓரம், வளைவுல வண்டி சாயிறப்ப நடு மேல தூக்கிரும், இந்தா, இந்த விரக்கட அகலத்துக்கு ஓரத்து ரப்பர்தான் ரோட்டப் புடிக்கும், அதனால டயர் வாங்கினா ஓரம் சதுரமா இருக்கான்னு பாக்கக்கூடாது, உருண்டையா எறங்குதான்னு பாக்கணும். விரலால் வளைத்துக் காட்டினான். நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியென்றால்... தெற்கு மாசி வீதி, மேல மாசி வீதி, ஸ்டேஷன் பக்கம், அங்கெல்லாம் மெதுவாக, நிமிர்ந்தே போயிருப்பான், நடுவில் பூசியதைத் தெருப் புழுதி தின்றிருக்கும், வண்டி நன்றாகத்தான் போகிறது என்று நினைத்திருப்பான், திருப்பரங்குன்றம் தாண்டிக்கூட நேர் ரோடுதான், பாட்டுப் பாடிக்கொண்டு போயிருப்பான், அவனுக்கு அந்தப் பழக்கம் உண்டு, ஓரத்து எண்ணெய் மட்டும் அப்படியே அழியாமல், யாரும் தொடாமல், முதல் வளைவுக்காக... இத்தனை நாளும் எனக்கு ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது, எண்ணெய் போட்ட டயர் என்றால் வீட்டு வாசலிலேயே வழுக்கியிருக்க வேண்டாமா, ஏழெட்டு மைல் போயிருக்கிறானே, அப்படியானால் எண்ணெய் காரணமில்லை, தூற்றல், விதி, வேறு ஏதோ என்று. ராத்திரி அந்தச் சந்தேகத்தைத்தான் தலைக்கு வைத்துப் படுத்தேன். அதையும் இவன் எடுத்துவிட்டான், இவ்வளவு நல்லவிதமாக, எனக்குப் படிப்புச் சொல்லிக்கொடுப்பதாக நினைத்துக்கொண்டு.

எனக்கு விளக்கெண்ணெய் வாசனை ஆகாமல் போயிற்று. நல்லெண்ணெயும் ஆகாது, பதினைந்து மாதமாகச் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கவில்லை, அம்மா, லலிதாம்பாள், என் கண் சிவப்பைப் பார்த்துப் புலம்புகிறாள், உடம்புச் சூட்டில் செத்துவைக்கப் போகிறாயா, ஒருத்தன் போனது போதாதா என்று, என்னைச் சொல்லி முடித்ததும் அவள் வாய் தானாகச் சமையலறைப் பக்கம் திரும்பும், எல்லாம் வந்தவள் கால் ராசி, பத்து மாதத்தில் விழுங்கிவிட்டாள். ராதாமணிக்குக் காது கேட்கும். பருப்பைப் புடைத்துக்கொண்டே இருப்பாள், முறம் நிற்காது. இருபத்தொரு வயது. இன்றைக்குக் காலையில் நான் வண்டிமேலிருந்த சாக்கை எடுத்தபோது கதவோரம் வந்து நின்றாள், எதற்கு என்று கேட்கவில்லை, விளக்கில் அவள் வைத்த பொட்டு இன்னும் மங்கலாக இருந்தது, அதைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். அம்மா அவளைத் திட்டும்போது, அவளை விடு, காரணம் நான், என்று சொல்லி முடிக்க எத்தனை நேரம் ஆகும்? தம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம். நான் அந்த நேரத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருப்பேன். அயோக்கியன் என்றால் இவன்தான் அயோக்கியன் என்று ஒருவரும் என்னைக் காட்டிச் சொல்லமாட்டார்கள், ராஜாராம் தங்கமான பிள்ளை, தம்பி போன துக்கத்தில் எண்ணெய்கூடத் தேய்ப்பதில்லை என்றுதான் தெருவில் பேச்சு. அந்தப் பேச்சு எனக்குச் சுகமாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

முன் சக்கரமும் ஆயிற்று. டியூபுக்கு மாவு தூவி, டயரைக் காலால் மிதித்து உள்ளே தள்ளி, பம்பை மாட்டிக் காற்றடிக்க ஆரம்பித்தான். இப்போது சொல்ல வேண்டும். இப்போது இல்லாவிட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவேன், பிறகு திருமங்கலம், ஆர்டர், தறிக்காரர்கள், மழை, வெயில், இவன் இந்தக் கொட்டகையில் சைக்கிள் பஞ்சர் ஒட்டியே கிழவனாகிவிடுவான். நேராக வரவில்லை, சுற்றி வந்தேன். மலைச்சாமி, அன்னைக்கு எங்கப்பா அம்புட்டு பேச்சு பேசினாரே, நீ ஏன்பா ஒரு பதில்கூடச் சொல்லல, என்று கேட்டேன். அவன் பம்பை நிறுத்தவில்லை. பத்துப் பதினைந்து தடவை அழுத்தியபிறகு, பெத்தவுக வவுறு, பேசத்தான செய்யும், என்றான். அதில்லப்பா, நீ போட்ட டயரு நல்ல டயருன்னு உனக்குத் தெரியுமில்ல? தெரியும்ணே. அப்ப சொல்லியிருக்கலாமில்ல? பம்பு நின்றது. நிமிர்ந்து ரோட்டை ஒரு தடவை பார்த்தான், யாரும் இல்லை, அவனியாபுரம் பக்கமிருந்து ஒரு வைக்கோல் வண்டி மட்டும் வந்துகொண்டிருந்தது. பிறகு தணிந்த குரலில், கோபமே இல்லாமல், சொல்ல ஆரம்பித்தான்.

"விழுந்த வண்டிய அப்படியே நான் வேல பாத்த கடைக்குத்தானண்ணே கொண்டாந்து போட்டாக. நான்தான் எடுத்து நிறுத்துனேன். டயரத் தடவிப் பாத்தேன். நடுவுல புழுதி, ஓரமெல்லாம் வழவழன்னு விளக்கெண்ண. கை வாசன ரெண்டு நாளாப் போகல."

தெரியும். இவனுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். குடை பிடித்துக்கொண்டு நின்றேனே, அப்போதும் தெரிந்துதான் சட்டையை எடுத்துத் தோளில் போட்டானா... பிறகு ஏன், பிறகு ஏன் என்னை உட்காரச் சொன்னாய், தண்ணீர் கொடுத்தாய், ஊரெல்லாம் அலைந்து டயர் பிடித்தாய்?

"பூசைக்கு மொத நா மாப்ள, ஒங்க தம்பி, காத்தடிக்க வந்துச்சு. என்னைய மாப்ளன்னுதான கூப்பிடும். வீட்டுல பூச தடபுடலா நடக்குது, ஒன் தங்கச்சி வண்டிக்குப் பொட்டு வைக்கக் கையில குங்குமத்தோட காத்துக்கிட்டிருக்கான்னு சொல்லிச் சிரிச்சுச்சு. சின்னப் பொண்ணு. ஆச மிகுதியில எண்ணயையும் பூசி விட்ருச்சு, அதுக்கு என்னண்ணே தெரியும்? நான் வாயத் தொறந்திருந்தா என் வேல போயிருக்காது. அந்தப் பிள்ளைய ஒங்க வீட்டுல உசுரோட விட்டிருப்பாகளா? மாப்ளன்னு கூப்பிட்டவன் பொண்டாட்டி. அதான், போகட்டும்னு விட்டுட்டேன். நீங்களும் யாருகிட்டயும் சொல்லிராதீக. அதுக்கே தெரியாம இருந்தா அப்படியே இருக்கட்டும்."

சொல்லிவிட்டு மறுபடி காற்றடிக்கக் குனிந்தான். வைக்கோல் வண்டி எங்களைக் கடந்து போயிற்று, வண்டிக்காரன் மலைச்சாமியைப் பார்த்து ஏதோ கேட்டான், இவன் தலையை ஆட்டினான். நான் நினைத்து வந்ததெல்லாம் என்ன, இவன் கோபப்படுவான், கையை ஓங்கினாலும் ஓங்குவான், காலில் விழுந்தாவது சமாளிக்கலாம் என்று அதற்குக்கூடத் தயாராக வந்தேன். இதற்குத் தயாராக வரவில்லை. இவன் கல் உடைத்தது ராதாமணிக்காக, அவள் செய்யாத ஒன்றுக்காக, நான் செய்தது இவன் மனசில் அவள் தலையில் போய் உட்கார்ந்திருக்கிறது, இவன் நல்லவனாக இருக்க இருக்க அது அங்கே பத்திரமாக உட்கார்ந்திருக்கும். அம்மா அவளைக் கால் ராசி என்கிறாள், இவன், பாவம், தெரியாமல் செய்துவிட்டாள் என்கிறான், இரண்டும் ஒன்றுதான், இரண்டுக்கும் நான்தான்... சொல், இப்போது சொல், வாயைத் திற, மனுஷப் பயலே.

"அவ இல்ல, மலைச்சாமி. அவ எண்ணெயத் தொடவே இல்ல" என்றேன்.

இம்புட்டுதான் வந்தது. மீதி தானாகப் பின்னால் வந்துவிடும் என்று நினைத்தேன், வரவில்லை. பம்பு பாதியில் நின்றது. அவன் என் முகத்தைப் பார்த்தான். கேள், யார் என்று கேள், நீ கேட்டால் சொல்லிவிடுவேன், சத்தியமாகச் சொல்லிவிடுவேன், உன்னிடம் சொல்லி, அப்பாவிடம் சொல்லி, அந்தப் பெண் காது கேட்க அம்மாவிடம் சொல்லி... அவன் கேட்கவில்லை. பம்புக் குழாயைக் கழற்றினான், வால்வு மூடியைத் தரையில் தேடி எடுத்து, வேட்டியில் துடைத்து, மெதுவாகத் திருகினான், மரை இரண்டு தடவை தவறியது. அப்போதுதான் எனக்குத் தட்டுப்பட்டது, பதினைந்து மாதமாக நான் சொல்லத் துடித்துக்கொண்டிருந்ததாக நினைத்தது பொய், யாராவது கேட்கட்டும் என்று காத்திருந்திருக்கிறேன், அப்பா கேட்கவில்லை, வந்து விசாரித்த போலீஸ்காரர் கேட்கவில்லை, அம்மா கேட்கவில்லை, இதோ இவனும் கேட்கப்போவதில்லை, இனிமேல் என்னை ஒருவரும் கேட்கமாட்டார்கள். புது டயரு, மேல வழுவழுப்பு இருக்கும், மொத நூறு மைலு வளைவுல சாய்க்காமப் போங்கண்ணே, என்றான் மலைச்சாமி, என்னைப் பார்க்காமல், டயரைப் பார்த்து. சரி என்றேன். ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.